வாட்ஸ்அப்பில் வேலை பார்க்கும் லாயர், கையெழுத்துக்கு மட்டும் நேரில் வரச் சொல்வது ஏன்?

வாசகி ஒருவரின் கடிதம். நீளமானது. அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பினாங்கு மாநிலம் பட்டர்வொர்த்தில் வாடகை வீட்டில் இருக்கிறார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை. கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. இருவரும் சேர்ந்து சுங்கை ஆரா பக்கம் 480,000 ரிங்கிட்டுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் அப்பார்ட்மெண்ட் வாங்குகிறார்கள். புக்கிங் பணமாக 3 விழுக்காடு, அதாவது 14,400 ரிங்கிட், ஏஜெண்டிடம் கட்டியாயிற்று. எஸ்.என்.பி. எனப்படும் வீடு வாங்கும்-விற்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது இன்னும் 7 விழுக்காடு, 33,600 ரிங்கிட், கட்ட வேண்டும். ஜோர்ஜ்டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தை அமர்த்தியிருக்கிறார்கள்.

"ஐ.சி. (அடையாள அட்டை) படம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பிலேயே வாங்கிக்கொண்டார்கள். கையெழுத்து என்றால் மட்டும் இருவரும் நேரில் வர வேண்டுமாம். சிங்கப்பூரில் என் கணவரின் நண்பர் வாடகை ஒப்பந்தத்துக்குப் போன் திரையில் விரலாலேயே கையெழுத்துப் போட்டார். இவர்கள் பழைய காலத்து ஆட்களா, இல்லை பில்லை ஏற்றப் பார்க்கிறார்களா?" என்று கேட்கிறார். வீடு யார் பெயரில் இருக்கிறது, அதன் மேல் என்ன கடன் என்று காட்டும் நில அலுவலகத் தேடலைத் தானே இணையத்தில் எடுத்துப் பார்த்ததாகவும், எல்லாம் 'கிளீன்' என்றும், அப்படியிருக்க லாயர் எதற்குத் திரும்பத் திரும்ப 'சர்ச்' கட்டணம் போடுகிறார் என்றும் வருத்தப்படுகிறார். தங்கை மகன் ஒப்பந்த வரைவை ஏஐ ஒன்றில் போட்டுக் கேட்டிருக்கிறான். ஐந்து வேலை நாளுக்குள் மனம் மாறினால் வாங்குபவர் விலகிக்கொள்ளலாம் என்று அது சொன்னதாம். வரைவில் அப்படி எதுவும் இல்லையே, ஏமாற்றுகிறார்களா என்பது அடுத்த சந்தேகம்.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒன்று: "வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாயர் ஆபீசிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர்களுடைய கணக்கு தணிக்கையில் இருக்கிறதாம், 33,600-ஐப் புதிய கணக்கில் போடச் சொன்னார்கள். நான் ஏமாளி இல்லை, உண்மைதானா என்று பதில் எழுதிக் கேட்டேன். 'ஆமாம், சரிதான்' என்று பதில் வந்துவிட்டது. திங்கட்கிழமை போடப் போகிறேன்."

சகோதரி, அந்தக் கடைசி விஷயத்துக்காக உங்களுக்கு அன்றே தனியாகப் பதில் அனுப்பினேன். பணம் இன்னும் போகவில்லை என்று நீங்கள் எழுதிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மற்ற வாசகர்களுக்கும் தெரிய வேண்டியது என்பதால் இங்கேயும் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

புதிய கணக்கு எண்

நீங்கள் அனுப்பிய இரண்டு மின்னஞ்சல்களையும், லாயரிடமிருந்து முன்பு வந்ததையும் வெள்ளிக்கிழமை வந்ததையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். லாயரின் பெயர், கோப்பு எண், வீட்டு முகவரி, ரிங்கிட் தொகை எல்லாம் அச்சு அசலாக ஒன்றுதான். அனுப்பியவர் முகவரியில் மட்டும், முன்பு 'எம்' இருந்த இடத்தில் இப்போது 'ஆர்' எழுத்தும் 'என்' எழுத்தும் ஒட்டி நிற்கின்றன. போன் திரையில் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. நீங்கள் பதில் எழுதிக் கேட்ட கேள்வி லாயருக்குப் போகவே இல்லை. திருடனிடமே "நீ திருடனா?" என்று கேட்டிருக்கிறீர்கள், அவன் இல்லை என்று சொல்லியிருக்கிறான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். புதிய கணக்கு ஒரு செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனத்தின், பெயரில் இருக்கிறது. நம் நாட்டில் வழக்கறிஞர் அலுவலகங்கள் செண்டிரியான் பெர்ஹாட்டாக நடப்பதில்லை. தனி ஒருவரோ பங்காளிகளோ நடத்துபவை அவை. கட்சிக்காரர் பணத்தை அலுவலகச் செலவுப் பணத்தோடு கலக்காமல், அலுவலகத்தின் பெயரிலேயே தனியாக ஒரு 'கிளையண்ட் அக்கவுண்ட்டில்' வைக்க வேண்டும் என்பது வழக்கறிஞர்களுக்கான கணக்கு விதி. அந்தக் கணக்கை நேற்று ஒன்று, இன்று ஒன்று என்று யாரும் மாற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள். தணிக்கை நடந்தாலும் அதற்காகப் பணம் வேறு நிறுவனத்தின் கணக்குக்குப் போகாது.

தொகைகூட அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மின்னஞ்சல் பெட்டியோ ஏஜெண்டுடையதோ அலுவலகத்துடையதோ, எங்கோ ஒன்று திறந்திருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் உள்ளே வந்தவுடன் எதையும் தொடுவதில்லை. பேசாமல் படித்துக்கொண்டே இருந்து, பணம் கைமாறும் வாரம் வந்ததும் நுழைகிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்தைத் தேர்ந்தெடுப்பதும் காரணத்தோடுதான். ஆபீஸ் மூடியிருக்கும், நீங்கள் போன் செய்தாலும் எடுக்க ஆள் இருக்காது.

உடனே செய்ய வேண்டியவை: உங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். ஆபீசுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லுங்கள், அவர்களுடைய மற்றக் கட்சிக்காரர்களையும் எச்சரிக்க வேண்டியிருக்கும். அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். முதன்முதலில் நேரில் கொடுத்த கடிதத்தாளில் இருக்கும் எண்ணையோ, மலேசிய வழக்கறிஞர் மன்ற இணையப் பட்டியலில் இருக்கும் எண்ணையோ பயன்படுத்துங்கள். கணக்கு எண்ணைக் மோசடிப் புகார் உள்ள கணக்குகளைக் காட்டும் காவல்துறையின் செமாக் மியூல் தளத்திலும் தட்டிப் பார்க்கலாம், ஆனால் அங்கே புகார் எதுவும் காட்டவில்லை என்பதால் நல்ல கணக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்று காலை திறந்த மோசடிக் கணக்கின் மேல் இன்னும் யாரும் புகார் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இதைப் படிப்பவர்களில் யாராவது ஏற்கெனவே பணம் போட்டிருந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். உடனே தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணுக்கும் உங்கள் வங்கியின் அவசர எண்ணுக்கும் கூப்பிடுங்கள், அப்புறம் போலீஸ் புகார். பணம் ஒரு கணக்கிலிருந்து பத்துக் கணக்குக்குச் சிதற அதிக நேரம் ஆகாது.

எங்கள் மேசையில் கணினி செய்யும் வேலை

உங்கள் லாயர் பழைய காலத்து ஆள் இல்லை. வீட்டுப் பத்திர வேலை செய்யும் எந்த ஆபீசிலும் இன்று பாதி நாள் திரைக்கு முன்னால்தான் போகிறது. அதே வேலை செய்யும் நான் காலையில் முதலில் திறப்பது கோப்பு மென்பொருளின் தேதிப் பட்டியலை. எந்த ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டும் 30 நாள் கெடு முடிகிறது, எதில் மீதித் தொகைக்கான மூன்று மாதம் ஓடிவிட்டது, வட்டியோடு கூடிய நீட்டிப்பு மாதம் எப்போது தொடங்குகிறது என்று அது வரிசையாகக் காட்டும். விற்பவர் மலேசியராக இருந்தால், நில ஆதாய வரிக்காக வாங்குபவர் தரப்பில் விலையில் 3 விழுக்காட்டைப் பிடித்து 60 நாளுக்குள் வருமான வரி வாரியத்தில் கட்ட வேண்டும். உங்கள் விஷயத்தில் அது 14,400 ரிங்கிட். இந்த மாதிரித் தேதிகளை நூறு கோப்புக்கு மனதில் வைத்திருக்க யாராலும் முடியாது.

முத்திரை வரிக்கு முன்பெல்லாம் கவுண்டரில் பையன் ஒருவன் நாள் முழுக்க நிற்பான். இப்போது வருமான வரி வாரியத்தின் இணையதளத்தில் ஒப்பந்தத்தை ஏற்றி, வரி கட்டி, சான்றிதழை அங்கேயே எடுத்துக்கொள்கிறோம். அந்தச் சான்றிதழ் உண்மையானதா என்று அதே தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம், செய்யுங்கள். நில ஆதாய வரிப் பாரங்களும் இணையத்துக்கு வந்துவிட்டன. விற்பவர் திவாலானவரா என்று இன்சோல்வென்சி இலாகாவின் தளத்தில் பார்க்கிறோம், விற்பது நிறுவனம் என்றால் எஸ்.எஸ்.எம். எனும் நிறுவனப் பதிவு ஆணையத்தின் பதிவைப் பார்க்கிறோம். கடன் ஆவணங்களைப் பல வங்கிகள் தங்கள் சொந்தத் தளம் வழியாகவே லாயர்களுக்கு அனுப்புகின்றன. ஐ.சி.யையும் பணம் வந்த வழியையும் கேட்பது பணமோசடித் தடுப்புச் சட்டம் எங்கள் மேல் போட்ட கடமை. அடுத்த முறை ஐ.சி. படம் அனுப்பும்போது 'இந்த வீடு வாங்குவதற்கு மட்டும்' என்று தேதியோடு குறுக்கே எழுதி அனுப்புங்கள், பட்டர்வொர்த் முழுக்கச் சுற்றிவராமல் இருக்கும்.

இவ்வளவு செய்யும் திரை ஒன்றை மட்டும் செய்யாது. உரிமையாளர் யார் என்று பெயரைக் காட்டும், எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்தப் பெயருக்கு உரியவர்தானா என்று சொல்லாது. மேலே பார்த்த மின்னஞ்சல் கதையும் இதுதான், கையெழுத்துக்கு நேரில் கூப்பிடுவதும் இதனால்தான்.

நீங்கள் எடுத்த தேடல்

சொந்தமாகத் தேடல் எடுத்துப் பார்த்ததற்கு முதலில் ஒரு சபாஷ். பலர் கிராண்டையே (சொத்துரிமைப் பத்திரம்) பார்க்காமல் வீடு வாங்குகிறார்கள். ஆனால் அது 'கிளீன்' இல்லை. உரிமையாளர் பெயருக்குக் கீழே வங்கி ஒன்றின் 'காடாயான்' (அடமானம்) பதிவாகி இருக்கிறது பாருங்கள். அதாவது விற்பவரின் கடன் இன்னும் முடியவில்லை. பயப்பட வேண்டாம், செகண்ட் ஹேண்ட் வீடுகளில் இது சகஜம். உங்கள் வங்கிக் கடனிலிருந்து முதலில் அந்தப் பாக்கியை அடைத்து, 16என் பாரத்தில் விடுவிப்பு வாங்கிய பிறகே பெயர் மாற்றம் நடக்கும்.

எனக்கு உறுத்துவது வேறு. விளம்பரத்தில் இரண்டு கார் நிறுத்துமிடம் என்று போட்டிருக்கிறது. உங்கள் தேடல் தாளில் 'பெத்தாக் அக்செசோரி' (வீட்டோடு சேர்ந்த துணை இடம்) என்ற இடத்தில் ஒரே ஒரு எண்தான் இருக்கிறது. இரண்டாவது இடம் நிர்வாகத்திடம் மாத வாடகைக்கு எடுத்ததாக இருக்கலாம், அல்லது பொது இடமாகக்கூட இருக்கலாம். எப்படியானாலும் கிராண்டில் இல்லாதது வீட்டோடு உங்களுக்கு வராது. கையெழுத்துக்கு முன்பே லாயரிடம் கேட்டு, ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விலையைப் பேசுங்கள். சுங்கை ஆராவில் இரண்டாவது காரை எங்கே நிறுத்துவீர்கள்?

திரும்பத் திரும்பத் தேடுவது காசுக்காக இல்லை. தேடல் முடிவு அந்த நிமிட நிலவரம், அவ்வளவுதான். நில அலுவலகத்தில் எந்தப் பாரம் முதலில் போய்ச் சேர்கிறதோ அதற்கே முன்னுரிமை. நீங்கள் பார்த்த மறுநாளே விற்பவரின் கடன்காரர் யாராவது கேவியட் (கைமாற்றத்தைத் தடுக்கும் பதிவு) போட்டால் உங்கள் பெயர் மாற்றம் நின்றுவிடும். அதனால் ஒப்பந்தத்துக்கு முன் ஒரு முறை, வங்கிப் பாக்கியை அடைக்கும் முன் ஒரு முறை, பெயர் மாற்றத்துக்கான 14ஏ பாரத்தைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு முறையாவது பார்ப்போம். கையெழுத்தானதும் உங்கள் பெயரில் தனியார் கேவியட் போடுவார்களா என்றும் கேட்டுவிடுங்கள். அது ஆறு ஆண்டு நிற்கும், நடுவில் விற்பவர் வேறொருவருக்குக் கைமாற்றுவதைத் தடுக்கும்.

கையெழுத்துக்கு ஏன் நேரில்?

உங்கள் கணவரின் நண்பர் சொன்னதும் பொய்யில்லை. நம் நாட்டிலும் 2006-இன் மின்வணிகச் சட்டம் மின்கையெழுத்தை ஏற்கிறது. பவர் ஆஃப் அட்டர்னி, உயில், அறக்கட்டளை, காசோலை போன்ற சிலவற்றுக்கு மட்டும் அந்தச் சட்டம் பொருந்தாது. எஸ்.என்.பி. அந்த விலக்குப் பட்டியலில் இல்லை. ஆனால் எஸ்.என்.பி. வெறும் ஒப்பந்தம். வீடு உங்கள் பெயருக்கு வருவது 14ஏ பாரம் நில அலுவலகத்தில் பதிவாகும்போதுதான். அந்தப் பாரத்தில் யார் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும் என்பதைத் தேசிய நிலச் சட்டத்தின் 211ஆம் பிரிவும் ஐந்தாம் அட்டவணையும் சொல்கின்றன. லாயர் அங்கே சாட்சியாகச் சும்மா நிற்கவில்லை. கையெழுத்துப் போட்டவர் இன்னார்தான், தன் முன்னால்தான் போட்டார் என்று தன் பெயரில் சான்று சொல்கிறார்.

பினாங்குக்காரர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. தஞ்சோங் பூங்காவில் பூன்சோம் பூன்யாநிட் என்ற தாய்லாந்துப் பெண்மணிக்கு நிலம் இருந்தது. வேறொருவர், தானே பூன்சோம் என்று போலி ஆவணங்களோடு வந்து, அதை அடோர்னா பிராப்பர்ட்டீஸ் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். வழக்குக் கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. 2000 டிசம்பரில், வாங்கிய நிறுவனத்துக்கே நிலம் என்று தீர்ப்பு வந்தது. நிலம் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் அப்போது தூக்கம் போனது. 2010 ஜனவரியில் டான் யிங் ஹோங் வழக்கில் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பு தவறு என்று ஒதுக்கித் தள்ளியது.

இதை உரிமையாளர்களுக்குக் கிடைத்த நிம்மதியாகத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். வாங்குபவர் இடத்தில் நின்று பாருங்கள். போலிக் கையெழுத்துப் போட்டவரிடமிருந்து நேராக வாங்கினால், நீங்கள் எவ்வளவு நேர்மையாக வாங்கியிருந்தாலும், உண்மையான உரிமையாளர் வந்து கேட்கும்போது வீடு போய்விடும். மிஞ்சுவது வங்கிக் கடன் மட்டும். ஆகையால் விற்பவரும் ஒரு லாயர் முன்னால் நேரில் உட்கார்ந்து, அசல் ஐ.சி.யைக் காட்டிக் கையெழுத்துப் போடுவது உங்களுக்குத்தான் பாதுகாப்பு. அவர் எங்கே, யார் முன்னால் போடுகிறார் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

ஏஐ சொன்ன ஐந்து நாள்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சில் வீடு வாங்குபவருக்கு ஐந்து வேலை நாள் அவகாசம் உண்டு. அந்தச் சட்டத்தைத்தான் ஏஐ உங்கள் பினாங்கு வீட்டுக்கு ஒட்டிவிட்டது என்று நினைக்கிறேன். மலேசியாவில் செகண்ட் ஹேண்ட் வீட்டு ஒப்பந்தத்துக்கு அப்படி ஒரு உரிமை சட்டத்தில் கிடையாது. கையெழுத்துப் போட்ட பிறகு உங்கள் பக்கத்திலிருந்து பின்வாங்கினால் 10 விழுக்காடு, அதாவது 48,000 ரிங்கிட், போய்விடும் என்பதுதான் வழக்கமான ஷரத்து. ஆகவே கடன் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கையெழுத்துக்கு முன் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை மகனைத் திட்டாதீர்கள். நீண்ட வரைவில் எது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க நானும் அந்த மாதிரிக் கருவியைப் பயன்படுத்துகிறேன், கட்சிக்காரர் பெயரும் ஐ.சி. எண்ணும் இல்லாத வரைவில் மட்டும். அது சொல்வதைச் சட்டப் புத்தகத்தில் பார்த்த பிறகே நம்புவேன். அவன் உங்கள் இருவர் ஐ.சி. எண்ணோடு முழு வரைவையும் ஏற்றியிருந்தால், அந்த உரையாடலை அழித்துவிடச் சொல்லுங்கள்.

கட்டணம்

2023 ஜூலையில் அமலுக்கு வந்த கட்டண ஆணைப்படி முதல் 500,000 ரிங்கிட்டுக்கு 1.25 விழுக்காடு. உங்களுக்கு 6,000 ரிங்கிட். 25 விழுக்காடு வரை தள்ளுபடி தர விதி இடம் கொடுக்கிறது, கேட்டுப் பாருங்கள். மேலே 8 விழுக்காடு சேவை வரி. தேடல் கட்டணம், பதிவுக் கட்டணம் தனி. கடன் ஆவணத்துக்கும் தனி பில் வரும். நேரில் வரச் சொன்னதற்காக இதில் ஒரு காசும் கூடவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றில்தான் பெரிய பணம் இருக்கிறது. மாற்றத்துக்கான முத்திரை வரி உங்கள் விலைக்கு 8,600 ரிங்கிட் வரும். 500,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத முதல் வீட்டை வாங்கும் மலேசியர்களுக்கு 2027 இறுதி வரை இதில் முழு விலக்கு இருக்கிறது, கடன் ஒப்பந்த வரிக்கும் சேர்த்து. ஆனால் இருவருக்குமே முதல் வீடாக இருக்க வேண்டும். உங்கள் கணவருக்கு அப்பா வழியில் கம்போங் வீட்டில் பங்கு எழுதப்பட்டிருந்தால் அதுவும் கணக்கில் வரும். லாயரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், சத்தியப் பிரமாணத்தில் கையெழுத்துப் போடப் போவது நீங்கள்.

கணவர் சிங்கப்பூரில் இருக்கிறாரே

மூன்று வழி உண்டு. அங்கேயே நோட்டரி பப்ளிக் முன்னாலோ மலேசியத் தூதரகத்திலோ 14ஏ பாரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். அதற்கு நேரமும் கட்டணமும் ஆகும். உங்கள் பெயரில் பவர் ஆஃப் அட்டர்னி எழுதித் தரலாம், அதையும் அங்கே முறையாகச் சான்றுறுதி செய்து, இங்கே உயர் நீதிமன்றத்தில் பதிய வேண்டும். உங்கள் வங்கி அதை ஏற்குமா என்று முதலில் கேட்டாக வேண்டும். என்னைக் கேட்டால், அவர் விடுப்பில் வருவதே மலிவு. எஸ்.என்.பி.யும் 14ஏ பாரமும் ஒரே அமர்வில் முடியும். வங்கிக் கடன் ஆவணங்கள் சில வாரம் தள்ளித் தயாராகும், அதற்கு இன்னொரு முறை வர வேண்டியிருக்கலாம். வங்கித் தரப்பு லாயர் யார் என்று இப்போதே கேட்டு, அந்த இரண்டாவது தேதியை அவர் விடுப்போடு பொருத்திக்கொள்ளுங்கள்.

அவர் வரும் நாளிலேயே 33,600 ரிங்கிட்டை வங்கிக் காசோலையாக, வழக்கறிஞர் அலுவலகத்தின் பெயரில் எடுத்துக்கொண்டு போய், கவுண்டரில் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள்.